விருப்பாச்சிக்கு இந்தப் பக்கம்

2003-ஆம் ஆண்டு தைப்பூசம் ஜனவரி 18-ஆம் தேதி வந்தது. அந்தப் பூசத்துக்குத்தான் முதன்முதலாகக் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தேன். நேர்ச்சை என்னுடையதில்லை, அம்மாவுடையது. மகளுக்கு அரசு வேலை கிடைத்தால் இரண்டு பேரும் வருஷம் தவறாமல் நடந்து வருகிறோம் என்று முருகனிடம் சொல்லிவைத்திருந்தாள். அந்த வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. நடை மட்டும் இன்றைக்கும் தொடர்கிறது. அம்மாவால் இப்போது நடக்க முடிவதில்லை. நான் போகிறேன், என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கூட வருகிறார்கள்.

கேட்டது கிடைக்காதபோதும், தருவதாகச் சொன்னதை மட்டும் வருஷா வருஷம் கொடுத்துக்கொண்டிருப்பது சிலருக்கு விசித்திரமாகப் படுகிறது. என் வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது அந்தக் கொடுப்பினைக்குள்தான். அதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு.

அப்பா 2001 கோடையில் இறந்துபோனார். பாத்திரக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மாதச் சம்பளத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. தம்பி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். நான் விலங்கியல் பட்டம் வாங்கி, தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்திருந்தேன். ஹையர் என்றால் நிமிஷத்துக்கு 45 சொல். எங்கள் பக்கத்தில் பட்டம் வாங்கிய பெண்கள் பலரும் அப்படித்தான்: இரண்டு ஹையர், சிவகங்கை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு பதிவு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, பிறகு காத்திருப்பு. அப்பா இருந்தபோது அந்தக் காத்திருப்புக்கு ஒரு மரியாதை இருந்தது. அவர் போன பிறகு அதே காத்திருப்பு வீட்டுக்குப் பாரமாகிவிட்டது. அந்த நவம்பர் கடைசியில் அரசுப் பணிகளுக்குப் புதிதாக ஆள் எடுப்பதும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆசிரியர், காவலர், மருத்துவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. தட்டச்சருக்கு இல்லை.

2006-இல் அந்தத் தடை நீங்கியது என்று இப்போது ஒரே வரியில் எழுதிவிடலாம். 2002-இல் அது என்றைக்கு நீங்கும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் என்பார்கள், அடுத்த பட்ஜெட்டுக்குப் பிறகு என்பார்கள். ஒரு வருஷம் வீணாகப் போனால் வயசு வரம்பில் ஒரு வருஷம் குறையும். கல்யாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது, பெண்ணுக்கு வேலை இருக்கிறதா என்பது. நூலகத்தில் செய்தித்தாளின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்காகக் காத்து நிற்கும் முகங்களெல்லாம் எனக்குப் பழகிவிட்டன. ஒருவரை ஒருவர் பார்த்தால் தலையசைப்போம். பேச ஒன்றும் இருக்காது.

வீட்டுச் செலவுக்காக, நான் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போனேன். மாடியில் ஒரே அறை. ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ், ஹால்டா என்று பழைய இயந்திரங்கள். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச் உட்காரும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று இடது கையில் ஆரம்பித்து, ரிப்பன் மாட்டுவது, ரோலரில் தாளை நேராக ஏற்றுவது, பெல் அடித்ததும் காரேஜைத் தள்ளுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சம்பளம் சொற்பம். உண்மையான வேலை கிடைக்கும்வரை என்றுதான் போனேன். யார் கேட்டாலும் வீட்டில் சும்மா இருப்பதாகத்தான் சொல்வேன்.

சாமி நம்பிக்கை அப்போது எனக்குள் வற்றிப் போயிருந்தது. அப்பா மருத்துவமனையில் கிடந்த நாட்களில் வேண்டாத தெய்வமில்லை. அவர் போனதும் விளக்கேற்றுவதை விட்டுவிட்டேன். அம்மா விடவில்லை. பூசத்துக்கு மாலை போட வேண்டும் என்றாள். வேலை கிடைத்தால்தானே நடப்பதாக வேண்டினாய், இன்னும் கிடைக்கவில்லையே என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"முதல்ல நடப்போம்த்தா. அவன் குடுக்குறப்பக் குடுக்கட்டும்."

அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல்தான் கிளம்பினேன். பச்சைச் சேலை, கழுத்தில் துளசி மாலை, தோளில் ஒரு துணிப்பை, வெறுங்கால்.

எங்கள் பக்கத்துப் பழனி நடைக்கு நீண்ட வரலாறு உண்டு. நகரத்தார் காவடி 400 ஆண்டுகளுக்கு மேலாகப் போகிறது. உப்பு வணிகத்துக்குப் பழனிப் பக்கம் போய்வந்தவர்கள் தொடங்கியது என்பார்கள். குன்றக்குடியிலிருந்து அந்தக் காவடிகள் புறப்படும்போது, எந்தச் சாதி, எந்த ஊர் என்ற கணக்கில்லாமல் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பெரிய மருதுவுக்கு முதுகில் வந்த ராஜபிளவை குன்றக்குடி முருகனின் திருநீற்றால் ஆறியது என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கோயிலுக்கு மருதிருவர் செய்த திருப்பணிகள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, சமுத்திராப்பட்டி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி, பிறகு பழனி. 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். இந்த ஊர்ப் பெயர்களை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அவற்றில் பாதி எனக்குப் பேருந்துப் பலகையில் பார்த்த எழுத்துகள்தான்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. சிவகங்கைச் சீமையின் கண்மாய்கள் பூசத்துக்கு முன்பே வெடித்துக் கிடந்தன. சிங்கம்புணரி தாண்டியதும் என் இரண்டு பாதங்களிலும் கொப்புளம். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, அவள் பாட்டுக்கு நடந்தாள். இரவில் சாலையோரத்து வெள்ளைக் கோடுதான் வழி. எதிரே பேருந்து வந்தால் முன்னால் போகிற குருசாமி "ஓரம் சாமி, ஓரம்" என்று குரல் கொடுப்பார். நாங்கள் முள்ளுக்குள் இறங்கி நிற்போம். கையில் டார்ச் வைத்திருந்தவர்கள் குறைவு. வீட்டில் தம்பி என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டுமென்றால் அடுத்த ஊர் எஸ்.டி.டி. பூத் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும்.

சமுத்திராப்பட்டிக்கும் நத்தத்துக்கும் நடுவே ஒரு தோட்டத்து வீடு. வாசலில் புளியமரம், அதன் அடியில் அண்டாவில் தண்ணீர். நாங்கள் போனபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து அண்டாவை நிரப்பிக்கொண்டிருந்தார். கயிறு வெகுநேரம் உள்ளே போனது. மேலே வந்த வாளியில் கால்வாசிதான் தண்ணீர், அதுவும் கலங்கல். அவர் அதைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். அம்மா குடிக்கத் தயங்கினாள்.

"ஒங்களுக்கே பத்தாது போலருக்கே தாயி."

"பத்தாதுதான். அதுக்காக வாசலோட போறவுகள பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? குடிங்க சாமி."

"நாளைக்கு என்ன செய்வீக?"

"ஊறும். ஊறலைன்னா பெறகு பாப்போம்."

அந்த அம்மாளின் கணவர் திருப்பூருக்கு வேலை தேடிப் போயிருந்தார். இரண்டு ஏக்கர் வானம் பார்த்த நிலம், அந்த வருஷம் விதைக்கவே இல்லை. இதையெல்லாம் அவர் புலம்பலாகச் சொல்லவில்லை. அம்மா கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார், சொல்லிக்கொண்டே இறைத்தார். நாளை என்ற ஒன்று அவருக்கும் எங்களைப் போலவே தெளிவில்லாமல்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. நம்பிக்கை மனசில் ஊறினால்தான் கைக்கு வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் அது கையில் இருந்தது. கயிற்றை வாங்கி நானும் கொஞ்ச நேரம் இறைத்தேன். உள்ளங்கை எரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் கொஞ்ச நேரம்தான் வேலையைப் பற்றி நினைக்காமல் இருந்தேன்.

எங்கள் கூட்டத்தில் என் மாணவி ஒருத்தியும் வந்திருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். அப்பா இல்லை. அம்மா வீட்டு வேலைக்குப் போய் இன்ஸ்டிடியூட்டுக்குப் பணம் கட்டினாள். பிப்ரவரியில் அவளுக்கு லோயர் தேர்வு. நத்தம் தாண்டிச் சிறுமலை இடது பக்கமாகக் கூடவே வருகிற வழியில், அவள் நடந்தபடியே தொடையில் விரல்களைத் தட்டிக்கொண்டு வந்தாள். முதலில் கால்வலியில் செய்கிறாள் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் விரல்கள் வரிசையாக விழுந்தன. சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி. போகிற வழியில் கண்ணில் பட்ட பெயர்ப் பலகைகளை எல்லாம் அவள் மனசுக்குள் தட்டச்சு செய்துகொண்டு வந்தாள்.

"அக்கா, பரீட்சை வரைக்கும் நீங்க இருப்பீங்கள்ல?"

"ஏன் கேக்குற?"

"ஒங்களுக்கு வேலை வந்துருச்சுன்னா போயிருவீங்க. சார்கிட்ட எனக்குப் பயமாருக்கும்."

எனக்கு வேலை வராது என்று கவலைப்பட எத்தனையோ பேர் இருந்தார்கள். வந்துவிடுமோ என்று கவலைப்பட்டவள் அவள் ஒருத்திதான். பரீட்சை வரை இருக்கிறேன் என்று சொன்னேன். அரோகரா சத்தத்துக்கு நடுவே, எரிகிற காலோடு, என்னால் நிச்சயமாக நிறைவேற்ற முடிகிற ஒரு வாக்கைக் கொடுத்தேன். அப்பா போன பிறகு நான் யாருக்கும் வாக்கு கொடுக்கும் நிலையில் இருந்ததில்லை. என்னிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது, அது ஒருத்திக்குத் தேவைப்படுகிறது என்பதை அந்தச் சாலையில்தான் அறிந்தேன்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தை லாரிகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தால் மேற்கே மலை கிட்டத்தில் தெரியும். கொஞ்ச தூரத்தில் விருப்பாச்சி. கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது இன்னொரு நிறுத்தம். பழனி வந்துவிட்டது என்கிற அவசரத்தில் கடந்துவிடுவார்கள். சிவகங்கைக்காரர்கள் அப்படிக் கடக்கக் கூடாத ஊர் அது.

1772 ஜூன் 25-ஆம் தேதி காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். கம்பெனிப் படையும் நவாபின் படையும் சீமையைப் பிடித்தன. அவர் மனைவி ராணி வேலுநாச்சியார், மகள் வெள்ளச்சியோடும், பிரதானி தாண்டவராய பிள்ளையோடும், மருதிருவரோடும் மேற்கே வந்தார். கோபால் நாயக்கரின் விருப்பாச்சிப் பாளையம் அவருக்கு இடம் கொடுத்தது. ஏறக்குறைய நாங்கள் நடக்கிற திசையில்தான் அவரும் வந்திருக்க வேண்டும். அந்த டிசம்பரில் தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு எழுதினார், 5,000 காலாள், 5,000 குதிரை வேண்டும் என்று. உடனே ஒன்றும் வரவில்லை. சீமை மீள்வதைப் பார்க்காமலே தாண்டவராய பிள்ளை இறந்துபோனார். கணவனை இழந்து, நாட்டை இழந்து, நம்பியிருந்த மூத்தவரையும் இழந்து, வளர்கிற மகளை வைத்துக்கொண்டு, அடைக்கலம் கொடுத்தவர்களின் ஊரில் ஒரு ராணி. 1780-இல் அவர் சிவகங்கைக்குத் திரும்பினார். நடுவே எட்டு வருஷம்.

பள்ளிக்கூடப் பாடத்தில் அந்த எட்டு வருஷத்துக்கு ஒரு வாக்கியம் உண்டு: படை திரட்டினார். நாம் 1780-ஐ அறிந்தவர்கள் என்பதால் எட்டு வருஷமும் நமக்கு ஆயத்தமாகத் தெரிகிறது. 1775-இல் அவர் காலையில் எழுந்தபோது எது தெரிந்திருக்கும்? ஹைதர் உதவுவாரா, இன்னும் எத்தனை மழைக்காலம், மகளுக்கு என்ன சொல்வது, எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் வாள் பயிற்சி நடந்திருக்கிறது, ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், பெண்கள் படை உருவாகியிருக்கிறது. முடிவு கண்ணுக்குத் தெரியாத வருஷத்தில் அன்றாட வேலையைச் செய்தவர்தான் எனக்கு அந்த ராணி. கோட்டைக்குள் வெற்றியோடு நுழைந்தவரை எல்லோரும் கும்பிடுகிறார்கள். நான் கும்பிடுவது விருப்பாச்சியில் இருந்தவரை.

இந்த எண்ணம் முதல் நடையிலேயே முழுசாக வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அன்றைக்குக் குருசாமி கதை சொல்லிக்கொண்டு வந்தார், நான் காலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வருஷத்துக்கு வருஷம் அந்த ஊரைக் கடக்கக் கடக்கத்தான் அது என்னுடையதாக ஆனது.

பழனியில் 693 படி. கொப்புளங்களோடு ஏறினேன். கருவறை முன்னால் கண்ணிமைக்கும் நேரம்தான் நிற்க விட்டார்கள். வேலை வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். பழம் கிடைக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பி வந்து, உடுத்தியதையும் துறந்து தண்டோடு நிற்கிற பிள்ளையிடம்தான் எங்கள் ஜனங்கள் வீடு கேட்கிறார்கள், வேலை கேட்கிறார்கள், வரன் கேட்கிறார்கள். எல்லாம் இருக்கிற கடவுளைவிட எல்லாவற்றையும் விட்டுவந்த கடவுளுக்கு இல்லாதவன் பாடு புரியும் என்கிற எண்ணம் அதற்குள் இருக்க வேண்டும். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாயா என்று நான் கேட்டதற்கு, "போன வருஷமே சொல்லிட்டேன்ல" என்றாள். நாங்கள் பேருந்தில் ஊர் திரும்பினோம். நகரத்தார் காவடிக்காரர்கள் திரும்பவும் நடந்தே வருவார்கள், அவர்கள் வழக்கம் அது. அடிவாரத்தில் வயதான ஆச்சி ஒருவர், வந்த தூரம் முழுவதும் மறுபடி நடக்கப் பாதங்களில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்ததை அன்றைக்குப் பார்த்தேன்.

பிப்ரவரித் தேர்வுக்கு அந்தப் பெண்ணோடு போனேன். அவளுடைய இயந்திரத்தை மினி லாரியில் ஏற்றி, தேர்வு அறையில் இறக்கி, ரிப்பன் மாற்றிக் கொடுத்தேன். தேறினாள். பிறகு ஹையரும் தேறினாள். இப்போது ஒரு நீதிமன்றத்தில் தட்டச்சர்.

அந்த ஜூலையில் இன்னொன்று நடந்தது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெரும்பாலானவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள் என்றாலும், அந்த நாட்களில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் அடுப்பெரியவில்லை. ஜனவரியில் நான் எந்த இடத்தைக் கேட்டு மலையேறினேனோ, அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஜூலையில் தெருவில் நின்றார்கள். கால் ஊன்ற அதுதான் கெட்டியான தரை என்று நம்பி வளர்ந்தவள் நான். அதன் பிறகு எந்தத் தரையையும் நான் அப்படி நம்பவில்லை. அதனால் பயம் கூடவில்லை என்பதுதான் எனக்கே வியப்பு.

தடை நீங்கிய பிறகு தேர்வு எழுதினேன். பட்டியலில் வரவில்லை. அதற்குள் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த சாருக்குக் கண் பார்வை மங்கி, இன்ஸ்டிடியூட்டை மூடிவிடலாம் என்று இருந்தார். நான் எடுத்து நடத்துகிறேன் என்றேன். கணினி வந்துவிட்டது, இன்னும் எத்தனை நாள் என்று எல்லோரும் கேட்டார்கள். இயந்திரம் தயாரித்தவர்கள் தயாரிப்பை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் அரசுத் தட்டச்சுத் தேர்வு இன்னும் அதே இயந்திரத்தில்தான் நடக்கிறது, கூட்டம் குறையவில்லை. 2022 குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் சிலர் என் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொறியியல் படித்தவர்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிற பெண்கள், முப்பது தாண்டியவர்கள். எல்லோரும் எதற்கோ காத்திருக்கிற வருஷத்தில் என்னிடம் வருகிறார்கள். காத்திருப்பவர்களோடு இருப்பதுதான் என் வேலை என்று ஆகிவிட்டது. இந்த வேலையை நான் நேசிக்கிறேன். யார் கேட்டாலும் இப்போது அதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன்.

2020-இல் ஊரடங்கு வந்தபோது அறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வாடகை நிற்கவில்லை. வாரம் ஒருமுறை போய்க் கதவைத் திறந்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எண்ணெய் விட்டு, எல்லாக் கட்டைகளையும் ஒரு சுற்றுத் தட்டிவிட்டு வருவேன். அந்த நேரத்தில் எனக்குத் துணையாக இருந்தது அந்தத் தோட்டத்து அம்மாளின் "ஊறலைன்னா பெறகு பாப்போம்". 2022 தைப்பூசம் இன்னும் கடினமானது. தொற்றுக் கட்டுப்பாட்டால் ஜனவரி 14 முதல் 18 வரை கோயில்கள் மூடல். பூசம் 18-ஆம் தேதி. முன்கூட்டியே தெரிந்தும் ஜனங்கள் நடந்தார்கள், நாங்களும் நடந்தோம். அடிவாரத்தில் பாத விநாயகர் கோயிலுக்கு முன்னால் நின்று, மூடிய மலையைப் பார்த்துச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். என்னோடு நின்ற யாரும் ஏமாந்த முகத்தோடு திரும்பவில்லை. 2003-இல் கதவு திறந்திருந்தது, நான் கோரிக்கையோடு போயிருந்தேன். 2022-இல் கதவு மூடியிருந்தது, என்னிடம் கோரிக்கை இல்லை. இரண்டில் எந்த வருஷம் நிறைவாக வீடு திரும்பினேன் என்று கேட்டால், இரண்டாவது.

இப்போது பாதை மாறிவிட்டது. நத்தத்தைச் சுற்றி நான்குவழிச் சாலை. திண்டுக்கல்–பழனி வழியில் பல இடங்களில் நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். போலீஸார் ஒளிரும் பட்டையும் குச்சியும் கொடுக்கிறார்கள். இதற்காக நான் உண்மையிலேயே நன்றி சொல்கிறேன். சாலையோரத்தில் உயிர்விட்டவர்களைப் பார்த்த தலைமுறை நாங்கள். பந்தலுக்குப் பந்தல் அன்னதானம். ஆனால் குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் பாட்டில்கள் ஆயக்குடிக் கொய்யாத் தோப்புவரை கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வடிகட்டிக் கொடுத்த கலங்கல் தண்ணீரைக் குடித்து நடந்த பாதை இது. எங்கள் பிள்ளைகளிடம் ஒரு சாக்குப்பை கொடுத்துவிடுவேன், பொறுக்கிக்கொண்டே வருவார்கள். தோட்டத்து வீடு இப்போது இல்லை. புளியமரமும் சாலைக்குப் போய்விட்டது.

2024 பூசத்துக்கு என் தோழியின் மகன் வந்தான். சென்னையில் மென்பொருள் கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கியவன். ஒரு காலையில் மின்னஞ்சல் வந்து வேலை போனது. வீட்டுக் கடன் இருக்கிறது, நிச்சயம் செய்த கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. நடக்கிற வழியெல்லாம் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தான். நான் தடுக்கவில்லை. வேலைவாய்ப்புப் பக்கத்துக்காக நூலக வாசலில் நின்றவளுக்கு அந்தக் கை புரியும். விருப்பாச்சியில் உட்கார்ந்தபோது ராணியின் கதையைச் சொன்னேன்.

"எட்டு வருஷமா அத்தை?"

"எட்டு வருஷம்."

"என்னால எட்டு மாசமே முடியாது."

"அவங்களுக்கும் எட்டு வருஷம்னு யாரும் சொல்லலடா தம்பி. இன்னைக்கு, நாளைக்குன்னுதான் இருந்திருப்பாங்க."

அவன் பதில் பேசவில்லை. பழனியில் 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குக் கைப்பேசி கொண்டுபோக முடியாது. கீழே கொடுத்துவிட்டு ஏறினோம். அடுத்த மாதம் தட்டச்சுத் தேர்வு இருந்தது. இறங்கி வரும்போது, இயந்திரங்களைத் தேர்வு மையத்துக்கு ஏற்றி இறக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டேன். ஒரு ரெமிங்டன் 15 கிலோ இருக்கும், மாடிப்படி செங்குத்து. பிள்ளைகள் பரீட்சைப் பதற்றத்தில் இருப்பார்கள், அவர்களைத் தூக்கவிட மாட்டேன்.

வந்தான். விடியற்காலை நாலரைக்குக் குட்டியானையில் கடைசி இயந்திரத்தை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, எந்தப் பிள்ளைக்கு எந்த இயந்திரம் என்று எழுதிய சீட்டுகளைத் தானே ஒட்டினான். மையத்தில் ஒரு பெண்ணின் இயந்திரத்தில் ரிப்பன் சிக்கிக்கொண்டபோது, முந்தின நாள் நான் காட்டிக்கொடுத்ததை வைத்து அவனே சரிசெய்தான். கோடையில் அவனுக்கு மதுரையில் ஒரு வேலை கிடைத்தது, சம்பளம் பழையதில் பாதி. ஆகஸ்ட் தேர்வுக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன், வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் அத்தை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தான்.